அரை அளவு, எண் பதினான்கு

ஒவ்வொரு ஜூன் முதல் வாரமும்
ரோஸீனா ஹாவ்லிக்கின் வேன் என் பட்டறைக்கு வரும்.
பின்கதவைத் திறந்தால்
நாற்பத்தொரு வயலின், ஒன்பது வயோலா,
ஆறு செல்லோ,
கழுத்து முறிந்த டபுள் பேஸ் ஒன்று,
போர்வைக்குள் சுற்றி.
"செத்ததை விட்டுடு. மிச்சத்துக்கு ஆகஸ்ட்டுக்குள்ள
உயிர் குடு."
பிறகு பேரம். மீன் வாங்குகிற மாதிரி.

நெப்ராஸ்காவின் இந்த மூலையில் மூன்று பள்ளிகள்,
மூன்றுக்கும் அவள் ஒருத்தி.
மதியச் சாப்பாடு ஸ்டியரிங் மேல்,
இரு பக்கமும் சோளம்.
அவள் வகுப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
வயலின்களின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

பல்மருத்துவரின் குட்டிக் கண்ணாடியை
ஒலித்துளைக்குள் விட்டுத் திருப்பினால்
சூரியகாந்தி விதை, பேருந்து வில்லை,
ஒருமுறை ஒரு பால்பல்.
ஒருமுறை எட்டாய் மடித்த காகிதம்:
"சுண்டுவிரலை வெறுக்கிறேன்."
திரும்ப உள்ளேயே போட்டுவிட்டேன்.
அது என் வேலை இல்லை.

அரை அளவு, எண் பதினான்கு.
அதன் பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய நாடா
ஒன்றின் மேல் ஒன்றாய்த் தடித்திருக்கும்.
அடியில் குச்சேரா, அதன் மேல் ஷ்ரோடர்,
மறுபடி ஒரு குச்சேரா, தம்பியாக இருக்கலாம்.
இறைச்சி ஆலை வந்த பிறகு
யெசேனியா ச்சோக்,
அதற்கும் மேல், நீல மையில், ந்யாக்குவோத்.
பெயர்கள் மாறின.
பிருடையைத் தேவைக்கு மேல் முறுக்கிக்
கம்பியை அறுக்கும் கை மட்டும்
எல்லாக் குடும்பத்திலும் பிறந்துகொண்டே இருந்தது.

பள்ளி வாரியம் ஐந்துக்கு இரண்டு என்று வாக்களித்து
நான்காம் வகுப்புக்கு இசையை நிறுத்திய வருஷம்
வயலின்கள் குறையும் என்று நினைத்தேன்.
பதினொன்று கூடின.
மூடிப்போன ஏதோ ஊர்ப் பள்ளியின் ஏலத்தில் எடுத்தவை.
அந்த ரசீதில் பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்றாள்.
முதல் மணிக்கு முன், காலை ஆறே முக்காலுக்கு,
உணவுக்கூடத்தில் நாற்காலிகளை அவளே இறக்கிப் போட்டாள்.
சட்டப்படி அது வகுப்பு இல்லை.
குழந்தைகள் தற்செயலாக
ஒரே நேரத்தில், வயலினோடு,
அங்கே வந்து நின்றார்கள்.

இந்த ஜூனில் வேறு வேன்.
டிலன் பிராஷெக் என்ற பையன், புது ஆசிரியர்,
கையில் அச்சடித்த பட்டியல்.
எல்லாம் இருந்தது. எண் பதினான்கும் இருந்தது,
நாடாவில் புதிதாக ஒரு பெயர்.
பட்டியலில் இல்லாத ஒன்றும் இருந்தது:
எண் ஒட்டாத வயோலா. பெரியவர் அளவு.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
விரல்பலகையின் தலைப்பக்கம்
கருங்காலியில் பள்ளம் பள்ளமாய்,
முப்பத்தொரு வருஷத்துத் தேய்மானம்,
குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் அந்த நான்கு விரல் தூரம்.
அதற்கு அப்புறம்
ஒரு கீறல் இல்லை.
வாங்கிய நாளின் கறுப்பு.

கம்பிகளுக்கு அடியில் ஒரு சீட்டு,
வகுப்புப் பலகையில் எழுதுகிற அதே கொட்டை எழுத்து:
"மேலே போகணும். குதிரையைத் தாழ்த்து."

தொலைபேசியில் சொன்னேன்:
குதிரை மட்டும் போதாது, பலகையையும் இழைக்க வேண்டும்,
இழைத்தால் அந்தப் பள்ளமெல்லாம் போய்விடும்.
மறுமுனையில் ஏதோ கொதிக்கும் சத்தம்.
அடுப்பை அணைக்கப் போனாள், வந்தாள்.

"எழைச்சிடு."

கருங்காலிச் சுருள் கரிய மிளகுத்தூள் மாதிரி
மேசையெல்லாம் உதிர்ந்தது.
மூக்கில் ஏறித் தும்மினேன்.
தொகையைச் சொன்னதும்
வழக்கம்போலப் பாதிதான் தருவேன் என்றாள்.
வழக்கம்போல முக்காலில் முடிந்தது.